அப்பமும் பாணும்: திஸ்ஸ பாலசூரியரின் நற்கருணைச் சிந்தனை பற்றிய ஒரு நோக்கு

அன்றாட வாழ்விற் கிறிஸ்தவ ஆன்மிகப் பொருளைக் காணும் முயற்சி பெரும்பாலும் உவமையோடு நின்றுவிடுகின்றது. விளக்கு ஞான ஒளியாகும், வியர்வை காணிக்கையாகும். விளக்கிற்கு எண்ணெயற்றவனின் நிலையோ மாறுவதில்லை. இக்குறையினை நேர்நின்று வினாவிய இலங்கை நூல்களுள் ஒன்று, அமலமரித் தியாகிகள் சபைக் குருவான திஸ்ஸ பாலசூரியர் (1924-2013) 1977இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘நற்கருணையும் மனித விடுதலையும்’ ஆகும்.

1971இற் கொழும்பிலே சமூக, சமய நடுநிலையத்தை நிறுவியவர் அவர். பாணுக்காக மக்கள் வரிசையில் நின்ற ஆண்டுகளை அடுத்து வெளிவந்த இந்நூல், திருப்பலியில் ஒரே அப்பத்தைப் பகிர்வோரிடையே சுரண்டல் எங்ஙனம் நிலைக்கின்றது என வினவுகின்றது. இயேசுவின் இறுதி இராவுணவு, அடிமைத்தளையினின்று இசரவேலர் பெற்ற விடுதலையின் நினைவோடு இணைத்து விளக்கப்படுகின்றது. பசித்தோரைப் புறக்கணித்த கொரிந்துச் சபையின் விருந்தினைப் பவுல் கண்டித்தமையும் இவ்விடத்தே மனங்கொளத்தக்கது.

தமிழ் வாசகர்க்கு இவ்வினாவை மொழியே கூர்மையாக்குகின்றது. வழிபாட்டில் வழங்குவது ‘அப்பம்’. கொழும்புத் தமிழர் கடையில் வாங்குவதோ ‘பாண்’. கத்தோலிக்கத்தை இந்நாட்டிற் பரப்பிய போர்த்துக்கேயரின் மொழியினின்றே அச்சொல்லும் வந்தது. எனினும் பாண் பீடத்தின் மொழியில் இடம்பெறவில்லை. துறைமுகத்துக் கொள்கலன்கள் வந்துசேரும் ஒருகொடவத்தையில் மூட்டை இறக்குவோனுக்குப் பாணும் சம்பலுமே காலையுணவு. பாலசூரியரின் அளவுகோலின்படி, அவன் பெறும் கூலி நியாயமானதா என்னும் வினா பீடத்திற்குப் புறம்பானதன்று. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி நீரில் மூழ்கியவேளை, சமயபேதமின்றி உணவுப் பொதிகள் பகிரப்பட்டன. வெள்ளத்தோடு வடிந்துவிடாத பகிர்வையே இந்நூல் வேண்டிநிற்கின்றது.

நூலின் குறையும் சுட்டற்பாலது. மக்களைத் தொகுதிகளாக நோக்கும் இவ்வாய்வில், நோயிலும் தனிமையிலும் தனிமனிதர் வழிபாட்டினாற் பெறும் ஆறுதல் போதிய கவனம் பெறவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திற் செவ்வாய்தோறும் பல சமயத்தவரும் கூடுவது அவ்வாறுதலை நாடியே. அதனைப் பேதைமையென ஒதுக்கின், உழைப்போரின் உள்ளத்தையே ஒதுக்கியதாகும்.

மரியாள் பற்றி 1990இல் வெளிவந்த நூலின் பொருட்டு 1997இல் திருச்சபையினின்று விலக்கப்பட்ட பாலசூரியர், 1998இல் மீளச் சேர்க்கப்பட்டார். அச்சர்ச்சையின் நிழலில் இம்முந்தைய நூல் மறைந்துவிடலாகாது. பாணைக் கையிலெடுக்குங்கால் அதனைப் பெறாதவனை நினைந்து, அவன்பொருட்டுச் செயற்படுபவனே அன்றாடத்தில் ஆன்மிகங் கண்டவன் என்னும் உரைகல்லை இந்நூல் நமக்குத் தருகின்றது.