தூக்குவது மோட்டார், பொறுப்பு இருவருக்கு: பவர்-ப்ரோ எக்ஸ்டி ஸ்ட்ரெச்சர் எப்படி?

ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே முதுகுவலியில் வந்து நிற்கும். தரையோடு தரையாகக் கிடக்கும் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவதை ஒரே ஷிப்டில் பல தடவை செய்ய வேண்டிய வேலை அது. அந்தப் பாரத்தை பேட்டரியிடம் ஒப்படைக்க வந்ததுதான் ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் பவர்-ப்ரோ எக்ஸ்டி. வட அமெரிக்க ஆம்புலன்ஸ்களில் பல வருடங்களாகப் புழங்கும் இதை, பயிற்சிக்கூடம் ஒன்றில் இரண்டு பாராமெடிக்குகளின் மேற்பார்வையில் இயக்கிப் பார்த்தேன். நோயாளியாக மேலே படுத்தும் பார்த்தேன்.

உள்ளே என்ன?

24 வோல்ட் பேட்டரியும் ஹைட்ராலிக் அமைப்பும் கட்டிலைத் தரையிலிருந்து சுமார் 36 செ.மீ. முதல் 105 செ.மீ. வரை ஏற்றி இறக்குகின்றன. தாங்கும் எடை 318 கிலோ. இது நோயாளியின் எடை மட்டுமல்ல. மெத்தை, மாட்டித் தொங்கவிடும் கருவிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

கால்மாட்டில் ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான். அழுத்தினால் மோட்டார் மெல்ல உறுமும், கட்டில் குலுங்காமல் எழும்பும். மேலே படுத்திருந்தபோது கையால் தூக்கும் ஸ்ட்ரெச்சர்களில் வரும் அந்தத் 'திடுக்' இல்லை. எலும்பு முறிந்தவருக்கு இது பெரிய நிம்மதி. மின் ஸ்ட்ரெச்சர்கள் வருவதற்கு முன்னும் பின்னும் அமெரிக்க நகர ஆம்புலன்ஸ் சேவை ஒன்றில் ஊழியர்களுக்கு ஏற்பட்ட காயங்களை ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டு ஆய்வும், காயங்கள் கணிசமாகக் குறைந்ததாகவே சொல்கிறது.

வண்டியில் ஏற்றும்போது

மோட்டார் இருப்பதால் எல்லாமே தானாக நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தலைமாட்டுச் சக்கரங்களை ஆம்புலன்ஸ் தளத்தில் ஏற்றி வைத்ததும், கால்மாட்டில் நிற்பவர் பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். ஸ்ட்ரெச்சரின் கால்கள் சட்டென மடங்கி மேலே வரும். மடங்கிய கால்கள் எதையும் தாங்காது. உள்ளே தள்ளி முடிக்கும்வரை கால்மாட்டுப் பாரம் அவர் கையில்தான். இதையும் இயந்திரமே சுமக்க வேண்டும் என்றால், அதே நிறுவனத்தின் பவர்-லோட் அமைப்பை வண்டிக்குள் தனியாகப் பொருத்த வேண்டும்.

இறக்கும்போது இன்னும் கவனம் தேவை. வண்டித் தளத்தில் இருக்கும் பாதுகாப்புக் கொக்கியில் ஸ்ட்ரெச்சரின் தடுப்புக் கம்பி மாட்டியதா என்பதை இரண்டாவது ஆள் கண்ணால் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். கால்கள் முழுதாக விரிந்து சக்கரங்கள் தரையில் ஊன்றிய பிறகுதான் கம்பியை விடுவிக்கலாம். என்னோடு இருந்தவர்கள் “மாட்டிருச்சு”, “ஊனிருச்சு” என்று ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். பதில் வராமல் அடுத்த அடி வைக்கவில்லை. காரணம் இருக்கிறது. 1996 முதல் 2005 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்த 671 ஸ்ட்ரெச்சர் விபத்துப் புகார்களை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேல் ஸ்ட்ரெச்சர் திடீரென மடங்கி விழுந்தவை. வண்டியிலிருந்து இறக்கும் நேரத்தில்தான் அதிகம் நடந்திருந்தன.

உயரம் எனும் ஆபத்து

பொத்தானைத் தொட்டால் உயர்கிறது என்பதால், நோயாளியை உச்ச உயரத்திலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு போகத் தோன்றும். கட்டிலின் அகலமோ 58 செ.மீ.தான். மேடு பள்ளத்தில் பக்கவாட்டாகத் திருப்பினால் தேர் சாய்வதைப் போலச் சாயும். தாழ்த்தி, முன்னும் பின்னும் ஆள் நின்று, நேராகத் தள்ளுவதே முறை. தோள்பட்டை உட்பட எல்லாப் பட்டைகளையும் போட்ட பிறகே நகர்த்த வேண்டும்.

காலி ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்ற ஒருவர் போதும். ஆள் படுத்திருந்தால் குறைந்தது இருவர் வேண்டும். நோயாளி கனமானவர் என்றால் கூடுதல் ஆட்களைக் கூப்பிட வெட்கப்பட வேண்டியதில்லை.

பேட்டரி போனால்?

கால்மாட்டில் சிவப்புக் கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்தால் கையாலேயே ஏற்றி இறக்கலாம். ஆனால் முதலில் இருவருமாகப் பாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பழக்கத்தை அவசர நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. ஷிப்ட் தொடங்கும்போதே பேட்டரி விளக்கைப் பார்ப்பது, வண்டியில் சார்ஜ் ஏறிய மாற்று பேட்டரி வைத்திருப்பது இரண்டும் கட்டாயம்.

பிளஸ்: முதுகுக்கு ஓய்வு, குலுங்காத ஏற்றம், கனமானவர்களுக்கும் போதுமான தாங்கும் திறன்.

மைனஸ்: காலியாகவே 57 கிலோ. கையால் தூக்கும் ரகங்களைவிட ஏறத்தாழ 20 கிலோ கூடுதல் என்பதால், படிக்கட்டில் தூக்கிப் போவதை மறந்துவிட வேண்டும். அதற்குத் தனியாகப் படிக்கட்டு நாற்காலி வேண்டும்.

தீர்ப்பு: வாங்கலாம், பயிற்சியோடு சேர்த்து மட்டும். ஸ்ட்ரெச்சருக்கு ஒதுக்கும் பணத்தோடு பயிற்சிக்கும், ஆண்டுதோறும் மறுபயிற்சிக்கும், பராமரிப்புக்கும் சேர்த்தே ஒதுக்குங்கள். அதற்கு வழியில்லாத சேவைகள் கையால் தூக்கும் ஸ்ட்ரெச்சரிலேயே இருந்துகொள்வது நல்லது. நோயாளியோடு நிற்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: பதற்றத்தில் ஓடிவந்து கம்பியைப் பிடித்துத் தூக்காதீர்கள். கதவைத் திறந்து, வழியில் கிடக்கும் செருப்பையும் பாயையும் ஒதுக்கிக் கொடுங்கள், போதும்.