‘வாய்ப்பு’ என்ற சொல்லைக் காணோம்

பருவகால வானிலை முன்னோட்டமும் ஒரு பிரதிதான். வரிவரியாக வாசிக்க வேண்டிய பிரதி. அடுத்த மூன்று மாதங்களில் இயல்பைவிடக் குறைவான மழைக்கு 50 விழுக்காடு வாய்ப்பு என்ற மாதிரி அதில் ஒரு வாக்கியம் இருக்கும். நம் செய்தித் தலைப்புக்கு வரும்போது அது ‘வறட்சி வருகிறது’ ஆகிவிடும். இடையில் காணாமல் போவது ‘வாய்ப்பு’ என்ற ஒரு சொல். என் புகார் அதைப் பற்றித்தான்.

முன்னோட்டம் தயாரிப்பவர்கள் பல ஆண்டுகளின் மழைக் கணக்கை மூன்று சம பங்காகப் பிரிக்கிறார்கள்: குறைவு, இயல்பு, அதிகம். எந்தத் துப்பும் இல்லாதபோது ஒவ்வொன்றுக்கும் 33 விழுக்காடு. 50 என்றால் தாயக்கட்டையின் ஒரு பக்கத்தில் கொஞ்சம் ஈயம் ஏறியிருக்கு, அவ்வளவுதான். மிச்சப் பாதி இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கு.

ஈயத்தை ஏற்றுவது கடல். வழக்கமாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று பசிபிக்கின் சூடான நீரை நம் பக்கம் தள்ளும். மேகமும் இங்கே திரளும். எல் நினோ ஆண்டில் காற்று தளர, சூடு நடுப் பசிபிக்குக்கு நகர்கிறது. மேகமும் பின்னாலேயே போய்விடும். லா நினா இதற்கு நேரெதிர். இந்தியப் பெருங்கடலுக்கும் இப்படியொரு ஊசலாட்டம் உண்டு. 1997-இல் இரண்டும் சேர்ந்து மழையைக் குறைத்தன. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த தீயின் புகை நம் வீடுவரை வந்தது. கடல் சூட்டை மாதக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். அதனால்தான் இவ்வளவு முன்னாடியே எதையாவது சொல்ல முடிகிறது.

ஆனால் ‘லா நினான்னா வெள்ளம்’ என்ற சுருக்கம் நிற்காது. எல் நினோ, லா நினாவின் பிடி நம் தீபகற்பத்தில் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் இறுக்கம். வடகிழக்குப் பருவத்தில் தளர்ந்துவிடும். 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியபோது பசிபிக்கில் லா நினா இல்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் மூழ்கியபோது இருந்தது. ஆனாலும் அந்த மழையைக் கொண்டுவந்து கொட்டியது தீபகற்பத்தைக் கடந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அது வரும் நாளையும் இடத்தையும் எந்தப் பருவ முன்னோட்டத்தாலும் மூன்று மாதம் முன்பே சொல்ல முடியாது.

வாய்ப்பைத் தீர்ப்பாக எழுதுவது நாம். அது பலிக்காதபோது ‘சும்மா சொல்றாங்க’ என்று சிரிப்பதும் நாம். அப்படிச் சிரித்துப் பழகிய ஊரில், நாளை கனமழை என்று நிஜமான எச்சரிக்கை வரும்போது யார் காரை மேட்டுக்கு நகர்த்துவார்கள்? ‘பெய்யும்’ வேறு, ‘பெய்யக்கூடும்’ வேறு. கதையில் இந்த வித்தியாசத்துக்காக மல்லுக்கட்டுகிற நாம் செய்தியில் அதைக் கேட்டு வாங்குவதில்லை.