தட்டில் பிழைத்த நரம்பு

கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு என்று தசைகளை முடக்கிச் செல்லும் ஏஎல்எஸ் நோய்க்கு மருந்து தேடியவர்கள் நெடுங்காலம் எலியை நம்பியிருந்தார்கள். எலியின் ஆயுளை நீட்டிய மினோசைக்ளினை 412 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2007இல் முடிவு வந்தது: மருந்து சாப்பிட்டவர்களே வேகமாக நலிந்திருந்தார்கள். அதே ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா மனிதத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார். நோயாளியின் தோலிலிருந்தே அவருடைய நரம்பு செல்லை ஆய்வகத் தட்டில் வளர்த்து மருந்தைச் சோதிக்கும் வழி திறந்தது.

இதன் வலு சாதாரணமானதல்ல. ஏஎல்எஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் அந்த நோய் இருந்ததில்லை. ஒற்றை மரபணுக் கோளாறை ஏற்றிய எலி அவர்களுக்காகப் பேச முடியாது. அவர்களுடைய செல் பேசும்.

எவ்வளவு தூரம் பேசும்? டோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதெயுகி ஒகானோவின் குழு 1,232 மருந்துகளை இப்படிச் சலித்து, பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் ரோபினிரோலைப் பொறுக்கியெடுத்தது. சோதனையில் 20 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று மறைத்துவைத்த முதல் 24 வாரங்களில், அன்றாடச் செயல்திறன் மதிப்பெண் இரு தரப்பிலும் ஒரே மாதிரிதான் சரிந்தது. பிறகு எல்லோருக்கும் வெளிப்படையாக மருந்து கொடுத்த கட்டத்தில்தான், நோய் முற்றுவது 27.9 வாரம் தள்ளிப்போனதாகக் கணக்கு வந்தது. அதற்குள் பலர் விலகிவிட்டிருந்தார்கள். இருபது பேரை வைத்துத் தசமப் புள்ளி வரை பேசுவது எனக்கு உறுத்துகிறது.

ஹார்வர்டில் தொடங்கிய எசோகாபின் ஆய்வை நான் மேலாக மதிக்கிறேன். நோயாளியின் இயக்க நரம்பு செல்கள் அளவுமீறித் துடிப்பதையும், இந்த வலிப்பு மருந்து அவற்றை அடக்குவதையும் தட்டில் கண்டார்கள். 65 நோயாளிகளிடம் அதே துடிப்பைத்தான் அளந்தார்கள். அதிக அளவு மருந்தில் அது குறைந்தது. ஆயுள் நீளும் என்று அவர்கள் சொல்லவில்லை. தட்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியையே கேட்டார்கள்.

தட்டின் பெரிய குறை வயது. ஸ்டெம் செல்லாகத் திரும்பும்போது முதுமையின் தடங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. அறுபது வயதுக்காரரின் செல்லும் கருவின் செல்போல இளமையாகிறது. முதுமையில் வரும் நோயைப் பச்சிளம் செல்லில் தேடுகிறோம். மருந்தைச் சிதைக்கும் கல்லீரலோ, மூளைக்குள் விடாமல் தடுக்கும் இரத்தக்குழாய்ச் சுவரோ அங்கே இல்லை.

மருந்தை மனிதரிடம் சோதிக்கத் தொடங்க விலங்குச் சோதனை கட்டாயமில்லை என்று அமெரிக்கா 2022இல் சட்டம் திருத்தியதை வரவேற்கலாம். ஆயிரம் மருந்துகளைப் பத்தாகக் குறைக்கத் தட்டு எலியைவிடத் தகுதியானது. அந்தப் பத்தில் எது நோயாளியைக் காக்கும் என்பதை, நூற்றுக்கணக்கானோரிடம் நடக்கும் மறைசோதனைதான் தீர்மானிக்க வேண்டும். ரோபினிரோல் இன்னும் அதில் தேறவில்லை.