கவருக்கு ஒரு கவர்

"என்ன இருந்தாலும் ஒரிஜினல் மாதிரி வருமா?" கவர் பாட்டு எதைப் போட்டாலும் நண்பர்கள் இதைத்தான் சொல்வார்கள். லியோனர்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’வைக் கேட்ட பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை.

1984இல் வந்த கோஹனின் பதிவு எனக்கு இன்னும் ஒட்டவில்லை. சின்தசைசர், கோரஸ், நடுவே பிரசங்கம் வைப்பதுபோல ஒரு கனத்த குரல். அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட கம்பெனியே முதலில் மறுத்தது. பாட்டைக் காப்பாற்றியவர் ஜான் கேல். அவர் வரிகள் கேட்க, கோஹன் பக்கம் பக்கமாக ஃபேக்ஸ் அனுப்பினார். கேல் முதல் இரண்டு பத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு, காதல் கசந்துபோனதைச் சொல்லும் வேறு பத்திகளைப் பொறுக்கிச் சேர்த்து, வெறும் பியானோவோடு 1991இல் பாடினார். எதை விடுவது என்று தெரிந்த வாசகன்.

1994இல் ஜெஃப் பக்லி பாடியது கேலின் வடிவத்தை. கவருக்கு ஒரு கவர்! தொடக்கத்தில் ஒரு பெருமூச்சு விடுவார். அப்புறம் கிட்டார் மட்டும்தான். துதிப்பாடல் அங்கேயே தோற்றுப்போனவனின் முனகலாகிவிடுகிறது.

2008இல் பிரிட்டனில் ‘எக்ஸ் ஃபேக்டர்’ வென்ற அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடியது கிறிஸ்துமஸ் வாரம் முதலிடம், பக்லிக்கு இரண்டாமிடம். பர்க்குக்குக் குரல் இல்லையா என்ன? என்னைவிட ஆயிரம் மடங்கு இருக்கிறது. ஆனால் தோற்றவனின் பாட்டை ஜெயித்த மிதப்பில் பாடுகிறார். உச்சத்துக்குப் போகப்போக வரிகள் காணாமல் போகின்றன.

நானும் ரொம்பப் பேசக்கூடாது. போன வருடம் நண்பனின் கல்யாண விருந்தில் கிட்டாரோடு இதைத்தான் பாடினேன். மூன்றாவது பத்தியில்தான் என்ன பாடிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. மணப்பெண் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிட்டேன்.