பணிச்சோர்வு ஆய்வுகளில் ஆளுமையும் பணிச்சூழலும்: ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: பணிச்சோர்வு, ஆளுமை, உளநலம், பணிச்சூழல், ஒட்டுறவு.

முன்னுரை

நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய தன்னார்வலர்கள் நாளடைவில் ஊக்கமிழந்து போவதைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், 1974இல் வெளியிட்ட கட்டுரையில் அந்நிலையைப் பணிச்சோர்வு என்னும் பொருளில் விளக்கினார். அதன்பின் வளர்ந்த ஆய்வுகளில் இரு போக்குகள் காணப்படுகின்றன. ஒன்று, சோர்வின் காரணத்தைப் பணிச்சூழலில் தேடுகின்றது. மற்றொன்று, பணியாளரின் ஆளுமையில் தேடுகின்றது. இரண்டாம் போக்கின் முடிவுகள் எந்த அளவிற்கு ஏற்கத்தக்கவை என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஆளுமைவழி விளக்கம்

கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் உருவாக்கிய அளவுகோல் இத்துறையில் மிகுதியாகப் பயன்படுகின்றது. 22 கூற்றுகளைக் கொண்ட அது உணர்வு வறட்சி, பிறரிடம் பரிவற்ற விலகல், சாதனையுணர்வு குன்றல் ஆகிய மூன்றையும் அளக்கின்றது. இதனை ஐங்காரணி ஆளுமை வினாநிரலுடன் ஒப்பிட்ட ஆய்வுகள், எளிதில் கலங்கும் இயல்புடையோரிடம் சோர்வு மிகுதி எனத் தொடர்ந்து காட்டியுள்ளன. அவ்வியல்பு மகிழ்ச்சிக் குறைவோடு தொடர்புடையது என்பதைக் கோஸ்டாவும் மக்ரேயும் 1980லேயே எடுத்துக்காட்டினர். ஆகவே இத்தொடர்பு மெய்யானதே. அதற்குத் தரப்படும் பொருளே ஐயத்திற்குரியது.

முறையியல் சிக்கல்கள்

முதலாவதாக, பெரும்பாலான ஆய்வுகளில் ஒருவரே ஒரே நேரத்தில் இரு வினாநிரல்களுக்கும் விடையளிக்கின்றார். தம் நிலையை மனக்குறையோடு நோக்கும் இயல்பு இரு விடைகளிலும் படிவதால் ஒட்டுறவு மிகைப்பட வாய்ப்புண்டு. இரண்டாவதாக, நெடுநாள் சோர்வே ஒருவரைக் கலக்கமுடையவராக ஆக்கியிருக்கலாம். ஒருமுறை திரட்டிய தரவு காரணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்டாது.

மூன்றாவது சிக்கல் போதிய கவனம் பெறவில்லை. ஒரே மருத்துவமனைப் பிரிவில், ஒரே இரவுப்பணி முறையில், ஒரே எண்ணிக்கை நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியரை மட்டும் ஆராய்வதாகக் கொள்வோம். அவர்கள் அனைவருக்கும் பணிச்சுமை ஒன்றே. வேறுபடாத ஒன்று புள்ளியியலில் ஒட்டுறவாக வெளிப்படாது. வேறுபடுவது அவர்தம் இயல்பு மட்டுமே. எனவே, எல்லாரையும் வருத்தும் சுமை கணக்கிலிருந்து மறைய, ஆளுமையே காரணம் போலத் தோன்றும். அத்தகைய ஆய்வு, யார் முதலில் தளர்வர் என்பதைக் கூறும். அவர்கள் தளர்வது ஏன் என்பதைக் கூறாது.

வரையறைச் சிக்கலும் இதனோடு சேர்கின்றது. மருத்துவரின் பணிச்சோர்வு குறித்து 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வு 182 ஆய்வுகளைப் பரிசீலித்தது. அவற்றில் குறைந்தது 142 வெவ்வேறு வரையறைகள் கையாளப்பட்டிருந்தன. சோர்வுற்றோர் விழுக்காடு 0 முதல் 80.5 வரை வேறுபட்டது. எல்லையே உறுதிப்படாத ஒன்றின் காரணத்தைத் தனியாளின் இயல்பில் நிறுவுவது விரைந்த முடிவாகும்.

பணிச்சூழல்வழி விளக்கம்

மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் 1997இல் வெளியிட்ட நூலில் பணிச்சுமை, கட்டுப்பாட்டுரிமை, வெகுமதி, சக பணியாளர் உறவு, நேர்மை, விழுமியம் என்னும் ஆறு களங்களில் பணிக்கும் பணியாளருக்கும் ஏற்படும் பொருத்தமின்மையைச் சுட்டினர். இவ்விளக்கம் ஆளுமையைப் புறக்கணிப்பதில்லை; பொருத்தம் என்பது இரு தரப்பையும் சார்ந்தது. மருத்துவர்களிடையே நிகழ்ந்த தலையீடுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆய்வு, தனியாளுக்கான பயிற்சிகளைக் காட்டிலும் நிறுவன அளவிலான மாற்றங்கள் மிகுந்த பயன் தந்தன எனக் கண்டது. உலக நலவாழ்வு நிறுவனமும் 2019இல் ஏற்கப்பட்ட நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாது, பணிசார் நிகழ்வாகவே குறித்துள்ளது.

முடிவுரை

ஆளுமை ஆய்வின் முடிவு மேலாண்மையின் கைக்குச் செல்லும்போது, கலங்காதவரைத் தேர்ந்தெடுக்கும் கருவியாகவும், கலங்கியவர் மீது பழி சுமத்தும் சான்றாகவும் மாறக்கூடும். பணி நேரமும் ஆள் பற்றாக்குறையும் அப்படியே நீடிக்கும். இதனைத் தவிர்க்க, பணிச்சுமையால் வேறுபட்ட பல நிறுவனங்களை ஒருங்கே ஒப்பிடுதலும், ஒரே பணியாளரைப் பல ஆண்டுகள் தொடர்தலும், வினாநிரலோடு பணிப்பதிவேட்டுத் தரவுகளை இணைத்தலும் வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஒருமுறை திரட்டிய விடைகளைக் கொண்டு ஆளுமையைக் காரணமாக அறுதியிடும் ஆய்வேடுகள், தம் முடிவின் எல்லையை வெளிப்படையாகக் குறிப்பிடுதல் இன்றியமையாதது.