உப்புக்காற்றுக்கு ஒரு கேசிங்

கடப்பாக்கத்துக் கடற்காற்று எதையும் சும்மா விடாது. 1760-இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட ஆலம்பரைக் கோட்டையின் செங்கல்லையே இன்னமும் அரித்துக்கொண்டிருக்கிறது; பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய என் ஹார்ட் டிஸ்க் எம்மாத்திரம்?

அதற்குக் கேசிங் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். எடுத்தது அலுமினியம். டிஸ்க்கின் சூட்டை வாங்கி வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் அதை உள்ளேயே பொத்திவைக்கும். இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டே போதும். மூன்றரை அங்குலம் என்றால் 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். தடிமனையும் பார்க்கவேண்டும்: என்னுடையது 9.5 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டருக்கென்றே செய்த கேசிங்கில் நுழையாது.

எனக்குப் பிடித்தது மாட்டும் அந்தக் கணம்தான். டிஸ்க்கைக் கேசிங்கோடு இணைக்கும் சாட்டா முனையின் இரண்டு பள்ளங்களில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. தலைகீழாக வைத்தால் ஏறாது. நேராகத் தள்ளினால் சின்னதாக ஒரு 'டக்'. பிறகு கடுகளவு திருகாணிகள். நீல விளக்கு மினுக்க, அப்பா எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. முடிந்ததும் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடினேன்.