சில்லு புதையாத கிரகங்கள்

வட்டைக்குள் மெசின் இறக்கி உழுதவர்களுக்கு ஒரு விசயம் கைப்பழக்கத்திலேயே தெரியும். எஞ்சின் எவ்வளவு பலமானதாக இருந்தாலும், சில்லு நிலத்தைப் பிடிக்காவிட்டால் வண்டி நகராது. பிடி வேண்டுமென்றால் பாரம் வேண்டும். அதற்காகத்தான் பின் டயருக்குள் தண்ணீர் அடைப்பதும், சேற்றில் இறங்கும்போது இரும்புச் சில்லு பூட்டுவதும். படுவான்கரையில், பழுகாமத்து வயல்களுக்கு நடுவே வளர்ந்த நான், வேற்றுக் கிரகங்களில் வண்டி ஓட்டும் கேம்களையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். நான் ஓட்டிப் பார்த்தவற்றில் எலைட் டேஞ்சரஸ் கேமில் வரும் ஸ்கேராப் வண்டிக்கு நிகர் இல்லை. அதில் ஒரு பெரிய குறையும் உண்டு. அந்தக் குறை படுவான்கரைக்காரனின் கண்ணுக்குச் சட்டென்று படும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரண்டியர் டெவலப்மென்ட்ஸ் 2014 டிசம்பரில் வெளியிட்ட கேம் இது. பால்வெளி மண்டலத்தை அதன் உண்மையான அளவிலேயே, ஏறத்தாழ 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகளோடு உருவாக்கியிருக்கிறார்கள். முதலில் கப்பல் மட்டும்தான் ஓட்ட முடிந்தது. 2015 டிசம்பரில் வந்த ஹொரைசன்ஸ் விரிவாக்கம்தான் காற்றில்லாத கிரகங்களில் தரையிறங்கவும் ஸ்கேராப்பை இறக்கி ஓட்டவும் வழி செய்தது. 2020 அக்டோபரிலிருந்து அது மூல கேமுடனேயே சேர்ந்து வருகிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை.

ஸ்கேராப் ஆறு சில்லுள்ள சிறிய வண்டி. ஓட்டுபவரைச் சுற்றிப் பெரிய கண்ணாடிக் கூடு. கப்பலின் வயிற்றிலிருந்து மெல்ல இறங்கித் தரையைத் தொடும். முதல் சில நிமிடங்கள் எல்லாம் சுகமாக இருக்கும். பிறகு ஒரு மேட்டில் கொஞ்சம் வேகமாக ஏறினால், வண்டி தரையை விட்டு எழும்பி, எழும்பியபடியே போய்க்கொண்டிருக்கும். பிரேக் பிடித்துப் பயனில்லை, பிடிப்பதற்குக் கீழே நிலம் இல்லை. ஒருவழியாக இறங்கியதும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டியின் மூக்கு திரும்புகிறது, உடம்பு பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. புதிதாக ஓட்டுபவர்கள் இதைக் கேமின் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இதுதான் அந்தக் கேமின் சிறப்பு.

ஈர்ப்பு குறைந்த இடத்தில் வண்டியின் பாரம் குறைகிறது, அதன் திணிவு குறைவதில்லை. சில்லின் பிடி பாரத்தைப் பொறுத்தது. ஓடுகிற வண்டியை நிறுத்தத் தேவையான விசையோ திணிவைப் பொறுத்தது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நம்முடைய மண் பாதையில் பிரேக் பிடித்துச் சுமார் 10 மீட்டரில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு. அங்கே அதே வண்டி, அதே வேகத்தில், அதேபோன்ற தரையில் நிற்க 60 மீட்டராவது வேண்டும். வளைவிலும் இதே கணக்குத்தான். 1972இல் அப்பலோ 17 விண்வெளி வீரர் யூஜீன் செர்னன் நிலவில் வண்டி ஓட்டிய அதிகபட்ச வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதுவும் இறக்கத்தில். நம்மூர்ச் சைக்கிள்காரர் ஒருவர் அவசரத்தில் மிதிக்கிற வேகம்தான் அது. அதைவிட வேகம் போனால் என்ன நடக்கும் என்பதை ஸ்கேராப்பில் ஒரு பள்ளத்தில் உருண்டு பார்த்தால் விளங்கும்.

இந்தக் கணக்கை எலைட் ஒளித்துவைப்பதில்லை. ஒவ்வொரு கிரகத்தின் ஈர்ப்பையும் இறங்குவதற்கு முன்பே காட்டிவிடுகிறது, ஒவ்வொன்றிலும் ஓட்டம் வேறு. 0.05 ஜி, அதாவது பூமியினுடையதில் இருபதில் ஒரு பங்கு ஈர்ப்பு உள்ள சிறு துணைக்கோளில் வண்டி பந்துபோலத் துள்ளும். பூமியைவிட ஈர்ப்புக் கூடிய கிரகத்தில் சில்லுகள் நிலத்தைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் வண்டியை மேலே தூக்கும் உந்திகள் மூச்சுத் திணறும். இந்த உந்திகளைக் கையாளப் பழகுவதுதான் ஸ்கேராப் ஓட்டும் கலையின் பாதி. குறைந்த ஈர்ப்பில் பறந்தபடியே வண்டியைச் சாய்த்து, ஆறு சில்லும் சரிவுக்கு இணையாக வரும்படி திருத்தி இறக்க வேண்டும். கைவந்துவிட்டால் அதைப்போலொரு திருப்தி வேறு கேமில் எனக்குக் கிடைத்ததில்லை.

நோ மேன்ஸ் ஸ்கையை ஒப்பிட்டாக வேண்டும். 2016இல் வந்த கேம் அது, 2017 மார்ச்சில்தான் வண்டிகள் சேர்ந்தன. ரோமர், நோமட், கொலோசஸ் என்று அப்போது மூன்று. நோமட் நீருக்கு மேலும் மிதந்து போகும், கொலோசஸ் பெரிய சுமை வண்டி. கிரகங்களில் புல், மழை, விலங்குகள் என்று கண்ணுக்கு விருந்து. பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட அதுவே நல்லது. ஆனால் எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் வண்டி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடுகிறது. நிறம் மாறினாலும் கைக்குக் கிடைக்கிற உணர்வு மாறவில்லை. ஸ்டார்ஃபீல்ட் 2023இல் வந்தபோது அத்தனை கிரகங்களையும் கால்நடையாகவே கடக்க விட்டிருந்தார்கள், ஓராண்டு கழித்துத்தான் வண்டி கொடுத்தார்கள். அது வேகமான, இனிமையான வண்டி. இருந்தும் அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக உதவும் வாகனம் மட்டுமே. ஸ்கேராப்பில் ஓட்டுவதே வேலை.

வேலை என்றால் தேடல். திரையில் அலைத்தேடி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். விண்கல், உலோகப் பாறை, உடைந்த கப்பல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு, தனி ஓசை. தூரத்தில் பரந்து தெரிகிற கோடு கிட்டப் போகப் போகக் குறுகும். கொஞ்சம் பழகியபின் திரையைப் பார்க்காமல் காதாலேயே கல்லைக் கண்டுபிடிக்கலாம். பாறையைச் சுட்டு உடைத்தால் இரும்பு, நிக்கல், கந்தகம், பொசுபரசு என்று மூலகங்கள் சிதறும், வண்டியின் அடிக்கதவைத் திறந்து அள்ளிக்கொள்ளலாம். கந்தகமும் பொசுபரசும் சேர்த்து வண்டிக்கான எரிபொருளை அங்கேயே ஆக்கிக்கொள்ளலாம். 2022இல் டீசலுக்காக வரிசையில் காத்துக் கிடந்த விவசாயிகளின் ஊரிலிருந்து பார்க்கும்போது, ஓடுகிற நிலமே வண்டிக்கு எரிபொருள் தருகிறது என்ற எண்ணம் மனதை உண்மையாகவே தொடுகிறது.

இனிக் குறை. ஸ்கேராப்பின் சில்லு எங்கும் புதைவதில்லை. பனிக் கிரகம், பாறைக் கிரகம், தூசி மூடிய சமவெளி எல்லாவற்றிலும் நிலம் கீழிறங்காத கெட்டித் தரைதான். மாரி வெள்ளாமைக்கு உழுகிற காலத்தில் எங்கள் பக்கத்துச் சேற்றில் புதைந்த மெசினை இழுக்க இன்னொரு மெசின் கொண்டுவந்து கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, ஓடுகிற நிலத்தின் குணமே இல்லாத வண்டியோட்டம் பாதி ஓட்டம்தான்.

உண்மையான கிரக வண்டிகளின் வரலாறும் பெரும்பாலும் மண்ணின் வரலாறே. செவ்வாயில் நாசாவின் ஸ்பிரிட் 2009இல் மேலோடு உடைந்து மென்மணலில் புதைந்தது, அதன்பின் அது அந்த இடத்தை விட்டு வெளியே வரவேயில்லை. அப்பலோ 17இல் வண்டியின் மட்கார்டு உடைந்தபோது நிலவுத் தூசி விண்வெளி வீரர்கள் மேலேயே வாரியடித்தது. வரைபடத் தாள்களை ஒட்டுநாடாவால் இணைத்து மாற்று மட்கார்டு செய்த பிறகே அவர்களால் வேலையைத் தொடர முடிந்தது. தமிழ்நாட்டின் பங்கும் இங்கேதான் வருகிறது. நிலவின் மேட்டுநில மண்ணை ஒத்த அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் உதவியோடு அதை எடுத்து, நொறுக்கி, பெங்களூருக்குக் கொண்டுபோய், சந்திரயான் திட்டத்தின் சோதனைகளுக்கு நிலவு மண்ணாகப் பரப்பினார்கள். விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கியது. அதிலிருந்து இறங்கிய பிரக்யானுக்கும் ஸ்கேராப்பைப் போலவே ஆறு சில்லு. எடை 26 கிலோ, வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர். ஆகஸ்ட் 27 அன்று முன்னால் 4 மீட்டர் அகலமான குழியொன்று தெரிந்ததும் அதைத் திருப்பி வேறு பாதையில் விட்டார்கள். ஸ்கேராப்பில் அந்தக் குழியை நான் கவனித்திருக்கக்கூட மாட்டேன், ஒரு துள்ளலில் தாண்டியிருப்பேன்.

சேற்றைக் கணினியில் கணக்கிட முடியாது என்று சொல்லவும் இடமில்லை. 2017இல் வந்த மட்ரன்னரில் லொறியின் சில்லு நிலத்தை உழுது பள்ளமாக்குகிறது, அடுத்த தடவை அந்தப் பள்ளமே வண்டியை மறிக்கிறது. ஒரு சிறு துண்டு நிலத்துக்குச் செய்யக்கூடியதை முழுக் கிரகத்துக்கும் செய்வது கடினம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வண்டியைச் சுற்றி ஐம்பது மீட்டருக்காவது நிலம் இளக வேண்டும் என்று கேட்பது அதிகமான ஆசையல்ல.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். தனியாக விளையாடினாலும் எலைட்டுக்கு இணையத் தொடர்பு எப்போதும் வேண்டும். மாரியில் மின்சாரம் போய்வருகிற எங்கள் பகுதியில் இது பெரிய இடைஞ்சல். டேட்டா அதிகம் தின்பதில்லை, போனின் ஹொட்ஸ்பொட்டே போதும், ஆனால் தொடர்பு அறுந்தால் கேமும் நின்றுவிடும். இணையம் நிச்சயமில்லாத வீடுகளுக்கு நோ மேன்ஸ் ஸ்கைதான் என் பரிந்துரை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் பதிப்புகளின் மேம்பாட்டை 2022இல் நிறுத்திவிட்டார்கள், எனவே கணினிப் பதிப்பையே வாங்குங்கள். விசைப்பலகையில் ஸ்டியரிங் முழுவதும் திரும்பும் அல்லது திரும்பவே திரும்பாது. கேம்பேட் ஒன்று கட்டாயம். தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும் டிரைவ் அசிஸ்ட்டை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். அது வேகத்தைத் தானாகப் பிடித்துவைத்து, உங்கள் காலுக்கும் சில்லுக்கும் நடுவே நிற்கிறது. முதல் ஓட்டத்துக்கு 0.3 ஜி அளவுள்ள கிரகமாகப் பாருங்கள், துணைக்கோள்களுக்கு அப்புறம் போகலாம்.